ஹெரால்டு பெட்ரோல் டேங்க்: கழுவுவதா, உள்ளே பூசுவதா, புதிதாகவே அடித்துவிடுவதா?

பதினாலு வருஷம் ஓடாமல் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று போன வருஷம் என் கைக்கு வந்தது. பெரியப்பா வண்டி. இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, பிரேக்கைப் பார்த்துக்கொள்ளலாம், ஒயரிங்கில் எலி கடித்தது போக மீதி இருக்கிறது. என்னை மூன்று மாசம் கையைக் கட்டி உட்கார வைத்தது பெட்ரோல் டேங்க்தான். வேலை கஷ்டம் என்பதால் இல்லை. யாரைக் கேட்டாலும் ஒரு வழி சொன்னார்கள், அந்த வழியைத் தவிர மற்றதெல்லாம் டேங்க்கைத் தின்றுவிடும் என்று சத்தியமும் பண்ணினார்கள். ஆசிட் என்றார் ஒருவர், காஸ்டிக் சோடாவில் வேகவை என்றார் இன்னொருவர், உள்ளே பூச்சு அடித்துவிடு என்றான் நண்பன், டிங்கர் அண்ணன் மட்டும் "பழசைத் தூக்கிப் போடுங்க சார், ரெண்டு நாள்ல புதுசு அடிச்சித் தர்றேன்" என்றார்.

எல்லோரும் சொன்னதில் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்த்த டேங்க் வேறு, என் டேங்க் வேறு. அதனால் எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் அதைத்தான் தாமதமாகச் செய்தேன்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. 1961 முதல் சென்னையில் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி செய்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு, உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இதன் டேங்க் டிக்கிக்குள்ளேயே ஒரு பக்கமாக நிற்கிறது, சுமார் 30 லிட்டர். வண்டிக்கு அடியில் படுத்துப் புரள வேண்டியதில்லை, ஹோஸைக் கழற்றி நாலு போல்ட்டை அவிழ்த்தால் கையோடு வந்துவிடும். அடியில் மாட்டிய டேங்க் மாதிரி சேறும் கல்லும் வெளியிலிருந்து அடிப்பதும் கிடையாது. ஆகவே இதில் துரு என்றால் பெரும்பாலும் உள்ளிருந்து வந்த துருதான்.

கழற்றியதும் மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன். பெட்ரோல் வாசனை இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் வருமே, புளித்த மாதிரி, தொண்டையில் இறங்குகிற ஒரு வாடை, அது வந்தது. பெட்ரோல் வருஷக்கணக்கில் கிடந்தால் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாக இறுகிவிடுகிறது. போனில் செருகுகிற குழாய் கேமரா ஒன்றை இரவல் வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தபோது மூன்று அடுக்காகத் தெரிந்தது: மேல் பாதியில் ஆங்காங்கே மெல்லிய செந்துரு, பொடி மாதிரி. நடுவில் தேன் நிறத்தில் பிசின் படிந்த ஒரு வளையம், பெட்ரோல் எந்த மட்டத்தில் நின்றது என்று கோடு போட்டுக் காட்டுகிற மாதிரி. அடியில் ஒரு மூலையில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தடித்த துரு. அடியில் ஏன் என்றால், தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். பாதி காலியான டேங்க் ராத்திரிக் குளிரில் உள்ளே வியர்த்து, அந்தச் சொட்டெல்லாம் இறங்கி ஒரு மூலையில் போய்த் தங்கும். ஓட்டை விழுவதும் அங்கேதான்.

முதல் முடிவு இங்கேயே வந்துவிடுகிறது. பிசின் இருக்கிற டேங்க்கில் ஆசிட் ஊற்றுவது வீண், பிசினைத் தாண்டி அது துருவைத் தொடாது. முதலில் தின்னரோ அசிட்டோனோ ஒரு லிட்டர் ஊற்றி, துவாரங்களை அடைத்து, இரண்டு நாள் பக்கத்துக்குப் பக்கம் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும். டீ டிகாஷன் மாதிரி வெளியே வரும். தெளிவாக வருகிற வரை திரும்பச் செய்ய வேண்டியதுதான். பீடி, சிகரெட், பூஜை விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

காஸ்டிக் இந்தப் பிசின் வேலைக்குத்தான் சரி, துருவுக்கு இல்லை. ரேடியேட்டர் கடைக்காரர்கள் சூடான காஸ்டிக் தொட்டியில் டேங்க்கை முக்கி எடுத்தால் பிசின், எண்ணெய், வெளிப் பெயின்ட் எல்லாம் ஓடிவிடும், துரு அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியமான விஷயம், அந்தக் காலத்து டேங்க் பலவும் வெறும் தகரம் இல்லை. காரீயம் பெரும்பங்கும் வெள்ளீயம் கொஞ்சமும் கலந்து பூசிய தகடு. வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அதே யோசனைதான், பாத்திரத்துக்கு வெள்ளீயம், இங்கே விலை குறைவான காரீயம். இந்தப் பூச்சு இருக்கிற இடத்தில் ஐம்பது வருஷம் ஆனாலும் துரு ஏறாது. காஸ்டிக் அதைத் தின்றுவிடும். கேமராவில் சாம்பல் நிறத்தில் மங்கலாகப் பளபளக்கிற இடம் தெரிந்தால் அது உயிரோடு இருக்கிற ஈயப்பூச்சு. அதைக் காப்பாற்றுகிற வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்தி. என் டேங்க்கில் பக்கச் சுவரில் பாதிக்கு மேற்பட்ட இடம் அப்படித்தான் இருந்தது.

இனி துரு. எல்லோரும் முதலில் சொல்வது நட்டு போட்டுக் குலுக்குவது. ஒரு கைப்பிடி நட்டோ, பழைய சங்கிலித் துண்டோ, கூராக உடைந்த ஜல்லியோ போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, டேங்க்கைப் போர்வையில் சுற்றி ஆட்டுவது. கட்டடக் கலவை இயந்திரத்தில் கட்டிச் சுற்றவிட்டவர்களும் உண்டு. காசில்லாத வழி, உதிரக்கூடிய துருவை உண்மையிலேயே உதிர்க்கும். நான் நாற்பது நட்டு எண்ணிப் போட்டேன், எண்ணி முப்பத்தொன்பது எடுத்தேன். நாற்பதாவதைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டேங்க்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆடினேன், மொட்டை மாடியில், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க. கடைசியில் அது பெட்ரோல் உறிஞ்சும் ரிசர்வ் குழாய் பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் சொல்கிறேன், சங்கிலி போடுங்கள், ஒரு முனையைக் கம்பியில் கட்டி வெளியே வையுங்கள். உள்ளே பெட்ரோல் அலையாமல் இருக்கத் தடுப்புத் தகடு வைத்த டேங்க் என்றால் நட்டு வேண்டவே வேண்டாம். அப்புறம் இந்த வழி தடித்த துருவின் குழிக்குள் இருப்பதை எடுக்காது, மேலே இருப்பதை மட்டும் தட்டிவிடும். முன்வேலையாகச் செய்யலாம், முழு வேலை என்று நம்பக் கூடாது.

பாத்ரூம் ஆசிட் ஊற்றச் சொன்னவர் சொன்னது பொய்யில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அது, அரை மணியில் துருவைக் கரைத்துவிடும். கரைத்துவிட்டு நிற்காது என்பதுதான் தொல்லை, அடுத்துத் தகட்டைத் தின்ன ஆரம்பிக்கும். ஊசிமுனைக் குழி ஊசி ஓட்டையாகும். கழுவிய பிறகும் மடிப்புகளில் தங்குகிற குளோரைடு திரும்பவும் துருவைக் கூப்பிடும். இன்னொன்றும் உண்டு, அதன் ஆவி. ஷெட்டுக்குள் வைத்துச் செய்தால் மறுநாள் காலையில் ஸ்பேனர் செட் முழுக்கச் செந்நிறமாகப் பூத்திருக்கும். எனக்கு இது வேண்டாம் என்று முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை.

வினிகர் சாதுவானது, கடையில் கிடைப்பது, மூன்று நாள் நான்கு நாள் ஊற வைத்தால் துரு இளகும். 30 லிட்டர் டேங்க்கை நிரப்ப எத்தனை பாட்டில் என்று கணக்குப் போட்டால் சாதுத்தனம் கொஞ்சம் குறையும். ஈயப்பூச்சு உள்ள டேங்க்குக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் காரீயத்தை வினிகர் கரைக்கும், கரைந்து வருவது விஷம். மொலாசஸ் என்கிற கழிவுப்பாகை ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் கரைத்து மூன்று வாரம் ஊறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும், இரும்பை அதிகம் தொடாது, ஆனால் அந்த நாற்றத்துக்கு வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பாடு. புளி போட்டால் என்ன என்று அம்மா கேட்டார். பித்தளைக்குச் சரி, நாரும் சக்கையும் கார்புரேட்டருக்குள் போனால் யார் எடுப்பது?

நான் போன வழி சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள், மொத்தமாக வேண்டுமென்றால் கெமிக்கல் கடை. 30 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ, அதாவது நூற்றுக்கு ஐந்து. வெந்நீரில் கரைத்து, விளிம்பு வரை நிரப்பி, மே மாத மொட்டை மாடி வெயிலில் வைத்தேன், வெயில் பாதி வேலையைச் செய்தது. விளிம்பு வரை என்பது முக்கியம், நீர்மட்டத்தில் காற்றும் அமிலமும் சேர்கிற கோட்டில் தகடு அதிகமாக அரிக்கும். மெல்லிய குமிழி ஏறிக்கொண்டே இருக்கும், கரைசல் மஞ்சளாகி, பச்சையாகி, அப்புறம் கறுக்கும். மூன்று மணிக்கு ஒரு தடவை கேமரா விட்டுப் பார்த்தேன். மேல் பாதியின் செந்துரு முதல் நாள் சாயங்காலமே போய்விட்டது, மூலையில் இருந்த கறுப்புத் திட்டுக்கு இன்னொரு புதுக் கரைசலும் இன்னொரு நாளும் தேவைப்பட்டன. இதுவும் அமிலம்தான், ஈயத்தை அறவே தொடாது என்று சொல்ல மாட்டேன், அதனால் தேவைக்கு மேல் ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது. ஊற வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி ஆகாது.

இதற்குச் சரியான போட்டி பாஸ்பாரிக் அமிலம். துருவைக் கரைக்கிறது, கூடவே இரும்பின் மேல் ஒரு பாஸ்பேட் படலத்தையும் விட்டுப் போகிறது, கழுவிய உடனே திரும்பத் துருப்பிடிப்பதை அது தடுக்கும். துரு மாற்றி என்று டப்பாவில் வருபவை பலவற்றிலும் இருப்பது இதுதான். டேங்க்கில் ஈயப்பூச்சு மிச்சமே இல்லை, முழுக்க வெறும் இரும்பு என்றால் நான் சிட்ரிக்கை விட்டு இதற்குத்தான் போவேன். மிச்ச அமிலத்தை வடிக்காமல் காயவிட்டால் பிசுபிசுப்பாக ஒரு வெள்ளைப் படிவு நிற்கும், அது பிறகு ஃபில்டருக்கு வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் வைத்துத் துரு எடுக்கிற வழி எனக்குப் பிடித்த வழி, டேங்க்குக்குப் பிடிக்காத வழி. வாஷிங் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், டேங்க்கில் மைனஸ், நடுவில் எங்கும் படாமல் தொங்குகிற முறுக்குக் கம்பியில் பிளஸ். மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும், கம்பி பளபளக்கும், ஜாக்கிரதை. நல்ல இரும்பு ஒரு துளிகூடப் போகாது, அது இதன் பெருமை. ஆனால் கம்பிக்கு நேராகத் தெரிகிற இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும், மூலையும் தடுப்பின் பின்புறமும் அப்படியே நிற்கும். ஹைட்ரஜன் வாயு வருகிறது, மூடிய அறையில் வைத்தால் வெடி. துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியைத் தொங்கவிட்டால் குரோமியம் விஷம் தண்ணீரில் இறங்கும். பேரிங் கப், பிராக்கெட் மாதிரி வெளியில் தெரிகிற சாமானுக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. டேங்க்குக்கு, அதுவும் குறுகிய வாய் உள்ள டேங்க்குக்கு, நான் வைக்க மாட்டேன்.

எந்த அமிலமானாலும் அதை வெளியே ஊற்றிய பிறகு வருகிற பத்து நிமிஷம்தான் முழு வேலையையும் ஆக்கும் அல்லது கெடுக்கும். சுத்தமான ஈர இரும்பு, நம்ம ஊர்க் காற்று, கண் முன்னாலேயே ஆரஞ்சு நிறம் ஏறும். என் முதல் தடவை அப்படித்தான் போனது, கழுவிவிட்டு டீ குடிக்க இறங்கினேன், திரும்பி வந்தால் காலையில் பார்த்த டேங்க். இரண்டாவது தடவை எல்லாவற்றையும் முன்கூட்டியே வரிசையாக எடுத்து வைத்தேன்: ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் ஒரு வாளி, அமிலத்தை அடக்க. பிறகு நல்ல தண்ணீரில் ஒரே ஒரு அலசல். உடனே இரண்டு லிட்டர் ஸ்பிரிட், ஈரத்தை இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஸ்பிரிட்டை வடித்துவிட்டு, டேங்க்கைக் கொஞ்ச நேரம் வெளியில் திறந்து வைத்து ஆவி போன பிறகுதான் காற்று அடிக்க வேண்டும், காற்று ஊதும் மோட்டாரின் பொறிக்கு ஸ்பிரிட் ஆவியும் பெட்ரோலும் ஒன்றுதான். காய்ந்ததும் இன்ஜின் ஆயில் கலந்த பெட்ரோல் அரை லிட்டர் ஊற்றிச் சுவரெல்லாம் படும்படி உருட்டி வைத்தேன். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்து வையுங்கள், அதில் காரீயம் இருக்கிறது.

இப்போது உள்பூச்சு. ஆன்லைனில் யாரைக் கேட்டாலும் கழுவினால் போதாது, பூச்சு அடித்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்து, கொஞ்சம் கடுமையாகவே. பூச்சு நன்றாக ஒட்டினால் இருபது வருஷம் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒட்டுவதற்கு அது கேட்கிற நிபந்தனைகள் அதிகம். துளி எண்ணெய் கூடாது, ஈரம் கூடாது, பளபளப்பான ஈயப்பூச்சின் மேல் சரியாகப் பிடிக்காது. இரண்டு பாகம் கலக்கிற எபாக்ஸி நம்ம வெயிலில் சீக்கிரம் இறுகத் தொடங்கும், அதற்குள் எல்லா மூலைக்கும் உருட்டி மிச்சத்தை வடித்தாக வேண்டும். வடியாமல் குட்டையாகத் தேங்கின இடம் மேலே தோல் கட்டி உள்ளே வேகாமல் நிற்கும், முதலில் உரிவது அங்கேதான். நண்பனின் பழைய புல்லட்டில் இப்படி உரிந்தது, பால் ஆடை மாதிரி சுருள் சுருளாக, பெட்ரோல் குழாயில் வந்து அடைத்துக்கொண்டது. உரிந்த பூச்சை மூடிய டேங்க்குக்குள்ளிருந்து முழுசாக எடுப்பது துரு எடுப்பதைவிடப் பத்து மடங்கு வேலை. துருவைத் திரும்ப ஒருமுறை கழுவலாம், பூச்சில் தவறினால் டேங்க்கே போச்சு.

எத்தனாலையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வர ஆரம்பித்தது, இன்று பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. ஒற்றை டப்பாவில் வருகிற பழைய வகைப் பூச்சுகள் பல எத்தனாலில் இளகிவிடும், இரண்டு பாக எபாக்ஸியில் எத்தனால் தாங்கும் என்று குறிப்பிட்டு எழுதியதாகப் பார்த்து வாங்கினால்தான் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் பூச்சில்லாத டேங்க்குக்கும் ஆபத்துதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து வண்டியை ஓட்டுவது, மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி நிறுத்துவது. வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் எடுத்து, கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து போர்வை போர்த்தி வைப்பவர் என்றால் நல்ல எபாக்ஸிப் பூச்சு உங்களுக்கு நியாயமான வழி. ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: டேங்க்கில் ரிசர்வ் நெம்புகோல் உண்டு, அதைத் திருப்பினால் உள்ளே உறிஞ்சு குழாய் இறங்கி அடிமட்டத்துப் பெட்ரோலை எடுக்கும். அதைக் கழற்றாமல் பூச்சு ஊற்றினால் குழாய் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டை இருந்தால் கதை வேறு. துருவை எடுத்த பிறகு டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, வெளியே சுண்ணாம்பு தடவிக் காயவிட்டுப் பாருங்கள், கசிகிற இடம் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். எனக்கு மூலையில் ஒன்று காட்டியது, குண்டூசித் தலை அளவு. ஒன்று, இரண்டு ஓட்டை என்றால் பூச்சு வேண்டாம், ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும். எங்கள் டிங்கர் அண்ணன் "காலி டேங்க்தானே சார்" என்று கேஸ் வெல்டிங்கைக் கையில் எடுத்தார். தடுத்தேன். நிரம்பிய டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் குண்டு. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும், காலி டேங்க்கில் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற பிசினே அந்த அளவு ஆவியைத் தரும். வெந்நீரும் சோப்பும் போட்டு மூன்று தடவை கழுவி, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, தூரத்தில் சூடேற்றிய பற்றிரும்பைக் கொண்டுவந்துதான் வைத்தோம். நெருப்பு டேங்க் பக்கமே வரவில்லை.

ஆனால் அடித்தகடு சல்லடையாக இருந்தாலோ, விரலால் அழுத்தினால் தகடு பிஸ்கட் மாதிரி நொறுங்கினாலோ, அப்போது டிங்கர் அண்ணன் சொன்னதே சரி, புதிது அடியுங்கள். ஹெரால்டு டேங்க் டிக்கிக்குள் இருப்பதால் உருவத்தைப் பற்றி அதிகம் கவலையில்லை, பழசின் கழுத்து, ரிசர்வ் குழாய், பெட்ரோல் மீட்டரின் மிதவை (ஃப்ளோட்) உட்காருகிற வளையம் இவற்றை அளவெடுத்துப் புதிதில் செய்துகொள்ளலாம். எதில் அடிப்பது என்பதில்தான் தவறுகிறார்கள். ஜிஐ தகடு மலிவு, ஆனால் துத்தநாகப் பூச்சுக்கும் எத்தனால் பெட்ரோலுக்கும் ஆகாது, வெள்ளைப் பொடி கொட்டும். சாதா இரும்புத் தகடு மறுபடியும் இதே கட்டுரையைப் படிக்க வைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆர்கன் வெல்டிங் போட்டு அடிப்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. எனக்குச் சொன்ன கூலி பொருளோடு பன்னிரண்டாயிரம், கழுவுகிற செலவோ ஸ்பிரிட்டையும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. புதுசில் மீட்டர் ஃப்ளோட்டுக்கு எர்த் ஒயர் கொடுக்க மறந்துவிடாதீர்கள். வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் பழைய டேங்க்கையும் பரணில் போட்டு வையுங்கள், அதன் மேல் உள்ள முத்திரையைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் டேங்க் இப்போது சிட்ரிக்கில் கழுவி, ஒரு ஈயப் பற்றோடு, பூச்சில்லாமல் வண்டியில் நிற்கிறது. பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றினேன், பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்று, கையுறைப் பெட்டியில் இன்னும் இரண்டு. முதல் ஃபில்டர் செங்கல்பட்டு போய் வருவதற்குள் காவியாகிவிட்டது, ரோட்டோரம் நிறுத்தி மாற்றினேன். இரண்டாவது எண்ணூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அடியில் ஒரு சிட்டிகை செந்தூள், மேலே வெள்ளை. மூன்றாவது இன்னும் கவர் பிரிக்காமல் கிடக்கிறது.